நங்கை கட்டுத்தரைப் பக்கம் போகாத நாட்கள்

நங்கை,

காலையில் சீம்பால் காய்ச்சினேன். வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்து பால் திரளும்போது எழும் அந்த வாசனை வாசல்வரை போயிற்று. அண்ணன் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு தென்னைமரத்தடியில் நின்றபடியே சாப்பிட்டார். செவலைப் பசு மறுபடியும் கன்று போட்டிருக்கிறது. இந்தமுறை யார் கையும் தேவைப்படவில்லை. தானே போட்டு, தானே நக்கி நிறுத்திவிட்டது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யோசித்துப் பார்த்தால் உங்களைத் தவிர ஆளில்லை.

அண்ணன் மனைவி என்பதால்தான் உங்களை நங்கை என்று கூப்பிட ஆரம்பித்தேன். புருஷன் வீடு வேண்டாமென்று ஒரு பையோடு நான் எருத்தேன்பதிக்குத் திரும்பி வந்த அன்று, அண்ணன் வாசலிலேயே நின்றார். நீங்கள் வந்து பையை வாங்கிக்கொண்டீர்கள். "உன்ற ஊட்டுக்கு வர்றதுக்கு யாரைக் கேக்கோணும் அம்மிணி" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் காரணம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பால் கறக்க என்னையும் எழுப்பினீர்கள், அவ்வளவுதான்.

உங்களுக்குக் கர்ப்பப்பை வாயில் கட்டி என்று தெரிந்தபோது துணைக்கு நான்தான் வந்தேன். கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கோயம்புத்தூருக்குத் தினமும் பஸ். வேலந்தாவளம் தாண்டியதும் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். ஊரில் எல்லோரும் அதைக் கரண்ட் வைப்பது என்றார்கள். நீங்களும் அப்படியேதான் சொன்னீர்கள். "படுக்கறோம், மிசினு சுத்துது, எந்திரிச்சு வர்றோம். ஒண்ணுமே தெரியறதில்ல" என்று வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் தைரியம் சொன்னீர்கள்.

ஒன்றும் தெரியாமல் நடந்துகொண்டிருந்ததை டாக்டரம்மாதான் விளக்கினார். கட்டிக்குப் போகும் கதிர் இடுப்பெலும்பையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது, அந்த எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் உண்டாகின்றன என்றார். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் கதிருக்குச் சீக்கிரம் செத்துவிடும், புதிதாக உண்டாவதும் குறையும், வாரம் ஒருமுறை போடுகிற ஊசியும் சேர்ந்து இன்னும் குறைக்கும் என்றார். நீங்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப திருடனை அடிக்கறப்போ காவக்காரனுக்கும் சேத்து அடி உழுகுதுங்களா?" என்று கேட்டீர்கள்.

டாக்டரம்மா சிரித்தார். "ஆமாங்கம்மா. அவன் எந்திரிக்கிற வரைக்கும் நீங்கதான் கதவைச் சாத்தி வச்சுக்கணும்" என்றார்.

அப்படியே சாத்திவைத்தோம். வேகவைக்காதது எதுவும் தட்டில் வராது. சளி பிடித்தவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போவார்கள். மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் நீங்கள் போகவே கூடாது. சாணி, வைக்கோல் தூசி எல்லாவற்றிலும் கிருமி உண்டு. மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்டீர்கள். அதை மட்டும் முடியவில்லை. கொல்லை ஜன்னலில் நின்று செவலையிடம் பேசுவீர்கள். அதுவும் தீனியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்.

அதன் முதல் பிரசவம் ஒரு மத்தியானம். உங்கள் வெள்ளணு இறங்கிப்போய், ஏறட்டும் என்று கரண்டை நிறுத்தி வைத்திருந்த வாரம் அது. அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார். மாட்டு டாக்டர் வர நேரமாகும் என்றார்கள். கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, இன்னொன்றைக் காணோம். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

"உள்ள மடக்கி வச்சிருக்குது. அவ முக்கறப்ப நீ சும்மா இரு. விட்டதும் கன்னை உள்ள தள்ளிக் காலை நிமித்து. குளம்பை உள்ளங்கையில மூடிக்கோ, இல்லீனா கிழிச்சுப்புடும்" என்று ஜன்னலிலிருந்து சொன்னீர்கள்.

"பயமா இருக்குதுங்க நங்கை."

"என்ற கையின்னு நெனச்சுக்க. போ."

கன்று வந்து விழுந்தபோது உங்கள் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கொல்லைக் கதவைத் திறந்து படியில் ஒரு காலை வைத்திருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு அந்தக் காலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினீர்கள்.

அதை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் இறங்கியிருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன்.

வெள்ளணு ஏறியதும் மீதிக் கரண்டையும் முடித்தீர்கள். கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் எதிர்ப்புச் சக்தி திரும்ப இன்னும் நாளாகும், காய்ச்சல் அடித்தால் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்ன இரண்டில் நாம் எல்லோரும் முதலாவதைத்தான் பிடித்துக்கொண்டோம். அண்ணன் தெருவுக்கெல்லாம் ஜிலேபி வாங்கி வந்தார்.

காய்ச்சல் வந்தது தேங்காய் லோடு ஏற்றிய அன்று. லாரியும் ஆட்களும் வாசலில் நின்றார்கள். நடுக்கத்தோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தீர்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னிடம் சொன்னீர்கள். அண்ணனிடம் சொல்லாமலே இருந்துவிட்டீர்கள். லோடு போகட்டும், காலையில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். காலையில் உங்களால் எழுந்து நிற்க முடியவில்லை. கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது ரத்த அழுத்தம் இறங்கிப்போயிருந்தது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். அப்புறம் நீங்கள் பேசவில்லை. இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அழவில்லை, நங்கை. உங்களைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தபோது பாலைக் காய்ச்சாமல் வைத்துவிட்டோமே, திரிந்துவிடுமே என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் காய்ச்சினேன். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இருமிக்கொண்டே வந்து பார்த்துப்போன அத்தையை ஒருவர் சொன்னார். மாட்டைச் சொன்னார் இன்னொருவர். அண்ணன் மாட்டைப் பிடித்துக்கொண்டார். செவலையை விற்றுவிட வேண்டும், கண்ணில் படக்கூடாது என்றார்.

நான் தனியாகப் போய் டாக்டரம்மாவைக் கேட்டேன். மாடும் இல்லை, அத்தையும் இல்லை என்றார். அந்தக் கிருமி எல்லோருடைய குடலிலும் குடியிருப்பது, இத்தனை வருஷமாக உங்களுக்குள்ளும் சும்மா இருந்ததுதான். தடுக்க ஆளில்லாத நேரம் பார்த்து ரத்தத்துக்குள் வந்துவிட்டது. முந்தின நாளே வந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று கேட்டேன். பிழைத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். "அப்ப யாரைத்தான் நோவறது?" என்றார். அவர் எழுந்து போய்ச் செவலைக்குத் தண்ணீர் காட்டினார். அதற்குப் பிறகு விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

மேற்குத் தோட்டத்து அக்காவுக்கு இப்போது மார்பில் கட்டி. ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அடுத்து கரண்டும் வைக்க வேண்டுமாம். போன மாதம் என்னிடம் விசாரிக்க வந்தார். தெரிந்ததைச் சொன்னேன். உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் மறைக்கவில்லை. "காச்சல் அடிச்சா வெடியட்டும்னு இருந்தராதீங்கக்கா. ஊட்டுல யாருக்கு என்ன சோலி இருந்தாலுஞ் சரி. என்னயக் கூப்புடுங்க" என்றேன்.

முந்தாநாள் கூப்பிட்டார். ஜீப் பிடித்துக் கூட்டிப்போனேன். வெள்ளணு ரொம்பக் குறைந்திருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். நேற்றுச் சாயங்காலம் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்தார், இட்லி கேட்டார். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷம்கூட இல்லை. கையை மட்டும் அவள் விடும்வரை எடுக்காமல் வைத்திருந்தேன்.

அவருக்கு இன்னும் சிகிச்சை பாக்கி இருக்கிறது. போனைச் சத்தம் குறைக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன், நங்கை.