நின்று சாப்பிடும் விருந்து

மார்ச் 4

கீச்சுவின் அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் நாம் இருவரும் உடனே கத்த ஆரம்பித்துவிடுகிறோம், அதனால் எழுதியே முடிவு செய்யுங்கள் என்று உங்கள் மகள் உத்தரவு போட்டிருக்கிறாள். கல்யாண வேலை எதையும் நம்மை நம்பி விடவில்லை. பதிவு அலுவலகம், பூ, பாட்டு, சாப்பாடு எல்லாம் அவளும் மாப்பிள்ளையுமே பார்த்துக்கொள்கிறார்கள். நமக்கு ஒதுக்கியது தட்டும் கப்பும் மட்டும்.

"பிரிஞ்சு இருக்கறவங்க சேர்ந்து செய்ய இதைவிடச் சின்ன வேலை கிடைக்கலம்மா. இதுலயும் சண்டை போட்டா எல்லாரையும் கையில வாங்கிச் சாப்பிடச் சொல்லிடுவேன்" என்கிறாள்.

விருந்து அவள் வேலை பார்க்கும் நூலகத்தின் பின்புறப் புல்வெளியில். மேஜை, நாற்காலி கிடையாது. எல்லாரும் நின்றபடி, நடந்தபடி, பேசிக்கொண்டே சாப்பிட வேண்டுமாம். சாப்பிட்டதும் தூக்கிப் போடுகிற தட்டுதான். வெள்ளைப் பேப்பர் தட்டும் சின்னப் பேப்பர் கப்பும் பார்த்து வைத்திருக்கிறேன். மாதிரி அனுப்பியிருக்கிறேன். சரி என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

கீச்சுவின் அம்மா


மார்ச் 11

கீச்சுவின் அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. நீ அனுப்பிய தட்டு வேண்டாம். சோறு வைத்தால் நடுவில் மடங்குகிறது. விளிம்பு உயர்ந்த, கனமான கிண்ணமாக வாங்கு. கப்புக்கு மூடி வேண்டும், உறிஞ்சிக் குடிக்க ஓட்டை வைத்த மூடி. முடிந்தால் நாற்காலியும் போடச் சொல்.

நான் இப்போது லிஃப்ட் பழுது பார்க்கப் போவதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் போனை எடுக்கிறேன். "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்பதுதான் நாள் முழுக்க என் வசனம். டைப் அடித்த கடிதம் என்று கோபிக்காதே. கம்ப்யூட்டர் எதிரிலேயே இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கீச்சுவின் அப்பா


மார்ச் 15

கீச்சுவின் அப்பாவுக்கு,

ஒரு வரி கேட்டேன், ஒரு தலைவலி அனுப்பியிருக்கிறீர்கள். மூடி எதற்கு? இது என்ன ரயில் பயணமா?

இருந்தும் மனசு கேட்கவில்லை. வேலை முடிந்ததும் கடை கடையாக ஏறி இறங்கினேன். கரும்புச் சக்கையில் செய்தது, அட்டையில் செய்தது, மரத்தூள் வாசனை அடிப்பது என்று அடுக்களை முழுக்கத் தட்டு. ஒவ்வொன்றிலும் சூடாகச் சூப்பை ஊற்றி, இன்னொரு கையில் கப்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்து பார்க்கிறேன். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்து, திரையை இழுத்து விட்டுக்கொண்டாள். கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண் கேட்கிறாள்: "அக்கா, கல்யாணம் பொண்ணுக்கா, உங்களுக்கா?" உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன செய்வேன் என்று நினைக்காமல் இருக்கத்தான் இந்த ஓட்டம் போல.

சக்கைத் தட்டு மடங்கவில்லை. அதை எடுத்துக்கொள்ளலாம். மூடியும் நாற்காலியும் முடியாது. கீச்சு ஒப்புக்கொள்ள மாட்டாள்.

கீச்சுவின் அம்மா


மார்ச் 22

கீச்சுவின் அம்மாவுக்கு,

நீ எதை வாங்கினாலும் எனக்குச் சம்மதம். பதிவு அலுவலகத்துக்கு வந்து, பக்கத்தில் நின்றுவிட்டு, அப்படியே கிளம்பிவிடுகிறேன். விருந்துக்கு இருக்க முடியாது. அலுவலகத்தில் ஆள் இல்லை. கீச்சுவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கீச்சுவின் அப்பா


மார்ச் 26

உங்களுக்கு,

மூடி வேண்டாம் என்றதற்கா இந்தக் கோபம்? என் தம்பி அங்கே இருப்பான் என்றா? நானும் நீங்களும் ஒரே புல்வெளியில் நிற்க முடியாது என்றா?

வீட்டை விட்டுப் போனபோதும் இதேதான். காரணம் கேட்டால் சுவரைப் பார்ப்பீர்கள். நானாக நூறு காரணம் ஊகித்து, அந்த நூறுக்கும் உங்களோடு மல்லுக்கு நின்றேன். உண்மையான காரணம் அதில் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் அப்படி இருந்தீர்கள், சரி. பெற்ற மகளிடமுமா?

"அப்பா சாப்பிடாம போனா நான் மட்டும் என்னத்தச் சாப்பிடறது?" என்று கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டால் எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்கிறாள்.

அலுவலகத்தில் ஆள் இல்லையாம். வேறு யாரிடமாவது சொல்லுங்கள்.


ஏப்ரல் 2

உனக்கு,

இதை மட்டும் கையால் எழுதுகிறேன். படிக்க முடிந்தால் படி.

கை ஆடுகிறது. போன வருஷம் வலது கையில் ஆரம்பித்தது, இப்போது இடதிலும் வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியாததால்தான் போன் எடுக்கும் வேலை. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் போகவும் போகாது என்கிறார் டாக்டர்.

போன மாதம் கேன்டீனில், புதிதாக வந்த பையன் சட்டை மேல் தேநீரைக் கொட்டிவிட்டேன். "பரவால்ல சார், பரவால்ல" என்றான். அதற்குப் பிறகு நான் கப்பை எடுத்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் கீச்சுவின் கல்யாணத்தில், அவள் மாமனார் மாமியார் முன்னால், தட்டு ஒரு கையிலும் கப் ஒரு கையிலுமாக நான் எப்படி நிற்பேன்?

அவளிடம் சொல்லாதே. சொன்னால் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு ஒவ்வொரு டாக்டராக என்னை இழுத்துக்கொண்டு அலைவாள். அவளைப் பற்றி உனக்குத் தெரியாதா?


ஏப்ரல் 8

கீச்சுவின் அப்பாவுக்கு,

படிக்க முடிந்தது. நிறைய நேரம் ஆனது. அதற்குக் கையெழுத்து காரணம் இல்லை.

அவளிடம் சொல்லவில்லை. எனக்கு முழங்கால் வலி என்று சொன்னேன். கொஞ்சம் நொண்டியும் காட்டினேன். "நின்னுக்கிட்டு என்னால முடியாதுடி. மேஜை நாற்காலி போடு. தட்டு வேண்டாம், ஆழமான கிண்ணம் போதும். கப்புக்கு மூடி இருக்கட்டும், புல்வெளியில பூச்சி விழும்" என்றேன். "ஒரு முழங்காலுக்காக மொத்தக் கல்யாணத்தையும் மாத்தணுமா?" என்று குதித்தாள். நான் சுயநலக்காரியாம். இருந்துவிட்டுப் போகிறேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு நாற்காலிக்குச் சொல்லிவிட்டாள்.

கிண்ணமும் மூடியும் எல்லாருக்கும்தான். உங்களுக்கென்று தனியாக எதுவும் கிடையாது.

சாப்பிடாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

கீச்சுவின் அம்மா


மே 6

கீச்சுவின் அம்மாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்குக் கூட்டத்தில் உன்னிடம் சொல்ல முடியாததை எழுதிவிடுகிறேன்.

ஓரமான மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தேன். உன் தம்பி அந்த மூடியின் ஓட்டையில் வாயை வைத்து, கன்னம் ஒட்ட உறிஞ்சிக்கொண்டிருந்தான். சம்பந்தி மூடியைப் பற்றி யாரிடமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இத்தனை பேரும் எனக்காகத்தான் இப்படிக் குடிக்கிறார்கள், அது அவர்களுக்கே தெரியாது என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிப்பதைக் கீச்சு பார்த்துவிட்டு ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னப்பா, தனியா சிரிக்கறீங்க?"

அவளிடம் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கப்பைத் தூக்கினேன். பாதித் தேநீர் மேஜையில். "கை ஆடுது, கண்ணு. கொஞ்ச நாளாவே" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். அப்புறம் தூரத்தில் மாப்பிள்ளையின் அத்தையோடு விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்த உன்னைப் பார்த்தாள். "அப்ப அம்மாவுக்கு முழங்கால் வலியே இல்ல!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

வருகிற இருபதாம் தேதி டாக்டரைப் பார்க்க வேண்டும். கீச்சு கூட வருகிறேன் என்கிறாள். புதிதாகக் கல்யாணமான பெண்ணை அங்கே அலைய வைக்க மனசில்லை. நீ வர முடியுமா? சும்மா கேட்கிறேன்.

கீச்சுவின் அப்பா


மே 10

கீச்சுவின் அப்பாவுக்கு,

வருகிறேன். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். டாக்டரிடம் நீங்களே பேசுங்கள், நான் குறுக்கே பேச மாட்டேன். பேசினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருவதற்கு வேறு அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டால், அதையும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். ஊகித்து ஊகித்து எனக்கு அலுத்துவிட்டது.

கீச்சுவின் அம்மா