மொட்டைக்குக் காரணம் பேன்

16 செப்டம்பர் 1996, திங்கள்

காலை எட்டு மணிக்குள் இரண்டு பேரையும் குளிப்பாட்டி, ஒருத்திக்கு யூனிஃபார்ம் மாட்டி, ஒருத்தனுக்கு ஊட்டி முடித்தேன். ஊட்டியதில் பாதி என் சட்டையில். அனிலுக்கு இரண்டரை வயது. ரயிலைப் பார்த்தால்தான் வாய் திறப்பான். ரயில் என்ன நம் வசதிக்கா வருகிறது? தண்டவாளத்தோரம் இட்லியும் கையுமாக நின்றேன்.

ஜிஜிக்கு ஐந்து வயது, ஒன்றாம் வகுப்பு. தலை பின்னிவிட்டேன். ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் வால். அம்மா பின்னினால் நோகாது என்றாள்.

அவள் அம்மா, என் மனைவி விலாசினி, கேரளத்தின் வடகோடியில், காசர்கோட்டில் வில்லேஜ் ஆபீஸ் கிளார்க். ஜூனில் சேர்ந்தாள். நானும் அதே வேலைக்குப் பரீட்சை எழுதியவன்தான். விலாசினி பெயர் பட்டியலில் வந்தது, என் பெயர் வரவில்லை. எல்லாருமாக அங்கே போய்விடுவோம் என்று கூப்பிட்டாள். ஜிஜியின் பள்ளிக்கூடம், வீடு, ஆடு என்று மூன்று காரணம் சொன்னேன். ஆட்டை ஜூலையிலேயே விற்றாயிற்று.

21 செப்டம்பர், சனி

அங்கன்வாடியில் அம்மமார் மீட்டிங். பதினெட்டு அம்மாக்கள், நான். தாய்ப்பாலின் பெருமையை டீச்சர் முக்கால் மணி நேரம் விளக்கினார், என் பக்கம் திரும்பாமல். முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க யாரும் இல்லையா என்று கேட்டார். நான் இருக்கிறேனே என்றேன். அதை அவர் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நூறு சதவீதம் எழுத்தறிவு என்று போர்டு வைத்த நாடு. ஒருவன் தன் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டால் வாயைப் பிளக்கிறது.

24 செப்டம்பர், செவ்வாய்

அனில் மூக்கில் புளியங்கொட்டை. எடுத்துவிட்டேன். விலாசினிக்கு எழுதப் போவதில்லை.

29 செப்டம்பர், ஞாயிறு

காஞ்சிரங்குளத்திலிருந்து விலாசினியின் அண்ணன் சோமன் வந்திருந்தார். பிள்ளைகளைப் பார்க்க என்று பெயர். குற்றம் பார்க்கத்தான். சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார். பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தார். எதைப் பார்த்தாலும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் தங்கச்சிக்குச் சொல்லிவிடுவார்.

அதுதான் பயம். ஓணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது அவள் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்: பிள்ளைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வேலை போனால் நாங்கள் நான்கு பேரும் சோமனின் தயவில்.

பகலில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். அடுத்த பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றேன், அனிலின் மூத்திரத் துணியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு.

5 அக்டோபர், சனி

ஜிஜி தலையில் பேன். சீவச் சீவ உதிர்கிறது. ஈருளி, மருந்து, வேப்பெண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைகள் தள்ளி உட்காருகிறார்களாம். இன்று கூட்டிக்கொண்டு போய் மொட்டையடித்துவிட்டேன். வழியெல்லாம் தன் தலையைத் தானே தடவிக்கொண்டு சிரித்தாள். பிரச்சினை தீர்ந்தது.

7 அக்டோபர், திங்கள்

தீரவில்லை. சாயாக்கடை சத்தியதாஸ் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டான்:

"எலே, பெட்டப்பிள்ளைக்கு மொட்டை போட்டிருக்க. எந்தக் கோயிலுக்க நேர்ச்சையாக்கும்?"

"கோயிலுக்கு இல்ல. பேனுக்கு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரும் நம்பவில்லை. ஒளிச்சு வைக்காதே மக்கா என்றான் சத்தியதாஸ். பெண் குழந்தையின் தலையை இந்த ஊரில் சாமிக்குத்தான் சிரைக்கலாம். பேனுக்குச் சிரைத்தால் அதற்குப் பின்னால் ஏதோ மர்மம்.

10 அக்டோபர், வியாழன்

பழநியா என்றாள் ஒருத்தி. செங்கல் ஊர் சிவன் கோயிலா என்றாள் இன்னொருத்தி. பெண்டாட்டி திரும்பி வரவா என்று கேட்டான் ஒரு மகான். பேன், பேன், பேன் — எத்தனை தடவைதான் சொல்வேன்?

12 அக்டோபர், சனி

அனிலுக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லை, அரிசிக் கஞ்சியில் நின்றது. அந்த நேரம் பார்த்துச் சோமன். மொட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. என்ன நேர்ச்சை, எப்போது நேர்ந்தது, ஏன் நேர்ந்தது — ஒரே கேள்வியை ஒன்பது விதமாகக் கேட்டார். நான் அசந்துபோயிருந்தேன். ஆமா, நேர்ச்சைதான் என்று சொல்லிவிட்டேன்.

உடனே அடங்கிவிட்டார். முதல்முறையாக என்னை ஒரு மனிதனாகப் பார்த்தார். இந்த ஜனங்களுக்கு உண்மை செரிக்காது, பொய்யைக் கொடுத்தால் ஏப்பம் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

16 அக்டோபர், புதன்

காலையில் கதவைத் திறந்தால் விலாசினி. இரவெல்லாம் வண்டியில் உட்கார்ந்தே வந்திருக்கிறாள்.

சோமன் என்னை வைத்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்: அவன் சாமி கும்பிடாதவன். அவனே நேர்ந்திருக்கிறான் என்றால் பிள்ளை சாகக் கிடந்து பிழைத்திருக்கிறது, நம்மிடம் மறைத்துவிட்டான். அப்படியே ஆபீஸுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

அவள் ஜிஜியின் கழுத்தைத் தொட்டாள், வயிற்றை அமுக்கினாள், நாக்கை நீட்டச் சொன்னாள். என்ன காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரி என்று என்னைக் கேட்டாள். பேன் என்றேன். அவள் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ராஜினாமாக் கடிதம். வண்டியிலேயே எழுதியிருக்கிறாள். கையெழுத்துப் போட்டிருந்தது.

இந்த ஊர் முட்டாள்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். சத்தம் போட்டே பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஊரை இவ்வளவு ஏசுதீங்களே. நான் கூப்பிட்டப்போ ஏன் வரேல்ல? பொண்டாட்டிக்க பொறத்தால போனான்னு சத்தியதாஸ் சொல்லுவான். அந்தப் பயம்தானே?"

பள்ளிக்கூடம் என்றேன். அங்கேயும் பள்ளிக்கூடம் உண்டு என்றாள்.

17 அக்டோபர், வியாழன்

தூக்கமில்லை. அவள் சொன்னதற்குப் பதில் இங்கே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஜிஜியின் பள்ளிக்கூடத்துக்கு டி.சி. கேட்டு மனு எழுதினேன்.

18 நவம்பர், திங்கள், காசர்கோடு

இங்கே மலையாளத்தோடு கன்னடம். ஜிஜி ஒரு வாரத்தில் கன்னடத்தில் திட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். விலாசினி ஒன்பதரைக்கு ஆபீஸ் கிளம்பினாள். வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான்.

வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நான் கிணற்றடியில் அனிலின் டவுசரைத் துவைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அது சரி, அதற்குப் பிறகு என்றார்.

அதற்கே நேரம் போதவில்லை என்று சொல்லிவிட்டு, டவுசரைப் பிழிந்து அவர் கண் முன்னாலேயே கொடியில் போட்டேன்.