தன் விருப்பத்தின் பேரில்

மார்ச் 4

இன்றோடு பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். டிக்கெட் பை, விசில், அடையாள அட்டை எல்லாவற்றையும் டிப்போவில் ஒப்படைத்தாயிற்று. வேலையில் இருந்த காலமெல்லாம் நின்றே பயணம் செய்த கண்டக்டர் நான், வீட்டுக்கு வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். புதுசாகச் சேர்ந்த பெண் என்னிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள். அதட்டிக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மேடம், இனிமே நாம ராஜா ராணி." அவர் அதே டிப்போவில் டிரைவர். போன வருஷமே ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் பென்ஷன் டாண் என்று வந்துவிடுகிறது. என்னுடையதும் வரட்டும். முதல் வேலையாக இந்த முட்டிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், யார் கையையும் எதிர்பார்க்காமல்.

மார்ச் 19

எனக்குப் பென்ஷன் இல்லையாம்.

மார்ச் 20

நேற்று எழுத முடியவில்லை. அவ்வளவு கோபம்.

பென்ஷன் பிரிவில் இருப்பவள் சின்னப் பெண். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நடுவில் பத்து மாதம் சம்பளமில்லாத லீவு. ஆறு மாதத்தைத் தாண்டினால் அதற்கு முன்னால் பார்த்த வேலையெல்லாம் கணக்கில் சேராதாம். பின்னால் பார்த்தது மட்டும் பென்ஷனுக்குப் போதாதாம். "காரணம் 'சொந்த வேலை'ன்னு இருக்கும்மா" என்றாள்.

சொந்த வேலையா? அவருடைய அம்மா ஒரு பக்கம் கை கால் விழுந்து படுக்கையில் கிடந்தார். குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, பீ மூத்திரம் அள்ளினது நான். பெற்ற பிள்ளை ஒரு நாள் லீவு போடவில்லை. 'விடுப்பே எடுக்காத ஊழியர்' என்று அவருக்குக் கேடயம் வேறு. ஹாலில் வைத்திருக்கிறார். தூசி தட்டுவது நான்!

அதே டிப்போவில் ஒரு மெக்கானிக் ஆபீஸ் கால்பந்து அணியோடு எட்டு மாதம் ஊர் ஊராகச் சுற்றினார். அது பணிக்காலம். பந்தை உதைத்தால் சர்வீஸ், மாமியாரைத் தூக்கினால் சொந்த வேலை. நல்லா இருக்குடா உங்க நியாயம்.

மார்ச் 22

ஒரு வழி இருக்கிறதாம். வேறு ஆள் இல்லாத கட்டாயத்தில் எடுத்த லீவு என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால், மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.

இவரிடம் கேட்டேன். "இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என் பணம் உன் பணம் இல்லையா? கேட்டா குடுக்க மாட்டேனா?"

கேட்டா. அந்தக் 'கேட்டா'தானே எனக்கு வேண்டாம் என்கிறேன்.

மார்ச் 27

எழுதிக் கொடுத்துவிட்டார். உறையை ஒட்டியே தந்தார். "உன்னப் பத்தி ரொம்ப உசத்தியா எழுதியிருக்கேன்" என்றார். கொஞ்சம் அழுகை வந்தது. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நல்லவர்தான்.

ஏப்ரல் 16

தள்ளுபடி.

அவர் எழுதியதை அந்தப் பெண் எனக்குப் படித்துக் காட்டினாள். 'என் தாயாரை என் மனைவி யாருடைய வற்புறுத்தலுமின்றி, தன் விருப்பத்தின் பேரில், அன்போடு கவனித்துக்கொண்டார்.'

"விருப்பத்தின் பேரில்னு போட்டுட்டாரேம்மா. கட்டாயம்னுதானே கேட்டிருந்தாங்க?"

வீட்டுக்கு வந்து கத்தினேன். அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. "கட்டாயம்னு எழுதினா நான் என்னமோ உன்னக் கொடுமப்படுத்தின மாதிரி ஆயிடாதா? நாலு பேர் படிக்கிற எடம்."

நாலு பேர்! என் விருப்பத்தை அன்றைக்கு யார் கேட்டது? "என் சம்பளம் பெருசு, நீ லீவு போடு" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை, கணக்கு சரியாகத்தானே இருந்தது. அதே பஸ்தான், அதே ரோடுதான். ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு ஒரு சம்பளம், எனக்கு ஒன்று. எங்கள் டிப்போவில் பெண்களை டிரைவராக எடுக்கவே மாட்டார்கள்.

ஆபீஸிலிருந்து கிளம்பும்போது அந்தப் பெண் ஆறுதல் சொல்லியிருந்தாள்: "கவலப்படாதீங்கம்மா. அவருக்கப்புறம் அவர் பென்ஷன்ல பாதி உங்களுக்குத்தான் வரும்."

அவருக்கப்புறம்.

மே 9

இவருக்கு நெஞ்சுவலி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் என் கையை விடவே இல்லை. எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "வெறும் வாய்வு. இன்னும் இருபது வருஷம் வண்டி ஓடும்." இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஒரு நொடி — சீ, எழுதவே கூசுகிறது. இருபது வருஷமா என்று இருந்தது எனக்கு. ஒரே ஒரு நொடிதான். ஆனாலும் இருந்தது. நான் அப்படிப்பட்டவளா? இந்த மனுஷன் மேல எனக்குப் பாசம் இல்லையா? என்னப் போய் இப்படி நினைக்க வச்சுட்டீங்களே, பாவிங்களா, உருப்படுவீங்களா?

மே 11

அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

மே 23

தனியார் பஸ் கம்பெனி ஒன்றின் டிக்கெட் கவுன்ட்டரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பக்கத்து ஜன்னலில் உட்காருகிறவருக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். ஏன் என்று கேட்டேன். "அவர் குடும்பஸ்தர்மா" என்றார் மேனேஜர். நான் என்ன சாமியாரா?

சாயங்காலம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த வயசுல எதுக்கு இப்படிக் கஷ்டப்படுற?"

"நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும். அதுக்குத்தான்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.