சீட்டுப் பணத்தை விழுங்கிய போன்

கிசுமு
5 மார்ச் 2023, ஞாயிறு இரவு

அன்புள்ள ரிஸ்பர் அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட எனக்குத் தைரியமில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். வீட்டில் இருக்கிற ஒரே போன் அம்மாவின் இடுப்பில் இருப்பதால் பேசவும் வழியில்லை. நைரோபி பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புவேன்.

போன வாரம் படகுக்காரர்கள் மீன் விலையை ஏற்றிவிட்டார்கள். வாங்கக் காசில்லாமல் அம்மா இரண்டு நாள் கடை போடவில்லை. "போன்ல கடன் கேக்கலாமாம்மா?" என்றேன். "அந்தப் பேச்சை எடுத்தே, வாய்லயே போடுவேன்" என்றாள். அவள் குளிக்கப் போனபோது நானே போனில் கடன் கேட்டு அமுக்கிவிட்டேன். அடுத்த நிமிடம் நாலாயிரம் ஷில்லிங் வந்தது! ஓட்டல்கார ஓச்சோலா பழைய பாக்கியை அனுப்பினார் என்று பொய் சொன்னேன். அம்மா பாடிக்கொண்டே மீன் பொரித்தாள்.

நேற்று சீட்டுக்காரப் பெண்கள் பத்துப் பேரும் அம்மாவின் போனுக்கு ஆளுக்கு முந்நூறு அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் வந்த கையோடு கடனுக்குப் போய்விட்டது. இனி வருகிற பணத்தையெல்லாம் பிடித்துக்கொள்வோம் என்று எங்கே எழுதியிருந்தார்கள்? நான் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் வந்த செய்திகளை அழித்துவிட்டேன். அம்மாவுக்கு நான்தானே படித்துச் சொல்கிறவள்.

இம்முறை சீட்டு நெரியா அத்தைக்கு. சனிக்கிழமை அம்மா மூவாயிரத்தை அவளிடம் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் திருடி என்பார்கள். கையில் ஒன்றுமில்லாத அம்மாவுக்கு எதை நம்பி நாலாயிரம் கொடுத்தார்கள், அக்கா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் தங்கை
அகேயோ

நைரோபி
8 மார்ச் 2023

அடி அகேயோ,

ஓட்டல் சலவை அறையில் நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தேன். முதலில் உன்னை அறைய வேண்டும் போலிருந்தது. பிறகு அழுகை வந்தது.

எனக்கு அந்தப் போன் கம்பெனிக்காரர்கள் ஐந்நூறுக்கு மேல் கடன் தந்ததே இல்லை. மாதம் தவறாமல் பத்துப் பேர் பணம் அம்மா போனில் வந்து போகிறதல்லவா? அதெல்லாம் அவள் வியாபாரத்தில் வந்தது என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மூவாயிரம் அனுப்புகிறேன். செய்தி வந்ததும் மறைத்துவிடு. அம்மாவிடம் மூச்சு விடாதே. அவளுக்குத் தெரிந்தால் உன் பள்ளிக்கூடம், என் வேலை எல்லாவற்றையும் இழுத்துப் பேசுவாள். ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா
ரிஸ்பர்

கிசுமு
12 மார்ச் 2023, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பியதிலும் கை வைத்துவிட்டார்கள். மிச்சக் கடனையும் வட்டியையும் பிடித்துக்கொண்டு ஆயிரத்து எண்ணூறுதான் விட்டார்கள். அதே போனுக்குத்தான் அனுப்புகிறோம் என்று நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

நேற்று சீட்டுக்காரர்கள் எல்லாரும் நம் வீட்டில் கூடியிருந்தார்கள். போனில் வந்த பணத்தை ரொக்கமாக மாற்ற ஏஜென்டு கடைக்குப் போன அம்மா அந்த ஆயிரத்து எண்ணூறோடு வந்தாள்.

"மிச்சம் எங்கடி?" என்றாள் நெரியா அத்தை. "நாங்க அனுப்புனதுக்கு எங்க போன்லயே சாட்சி இருக்கு. உன் போனுக்கு மட்டும் பசி எடுத்துடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். டீத்தட்டோடு நின்ற என்னை அம்மா ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "நான்தான் எடுத்தேன். மீன் வாங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்போமேடி" என்றாள் அத்தை.

அடுத்த மாதத்திலிருந்து சீட்டுப் பணம் அத்தையின் போனுக்குத்தான் போகுமாம். ஒன்பது வருடமாக அம்மா பார்த்த பொறுப்பு. நான் வாயே திறக்கவில்லை, அக்கா. தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அம்மா இதுவரை என்னை ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்துதான் பழியை ஏற்றுக்கொண்டாளா? பதில் தெரியாத வெட்கத்தில் சொன்னாளா? இன்று சாப்பாட்டில் பெரிய மீன் துண்டை எனக்கு வைத்தாள். அது மன்னிப்பா, எப்போதும் செய்வதா என்றுகூடத் தெரியவில்லை.

மூச்சு விடாதே என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, உன் பேச்சைக் கேட்கப்போவதில்லை. விடிந்ததும் இதைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு நெரியா அத்தை வீட்டுக்குப் போகிறேன். பிறகு மற்ற ஒன்பது வீடுகளுக்கும். கதவைத் தட்டிவிடுவேன். அப்புறம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

அகேயோ