'வராத பஸ்', ஒரு கட்டை கீழே

மார்ச் 3, செவ்வாய்

பிரபாகர் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். எங்கள் ராக் குழு 'ஏழாம் மாடி'யின் சிறந்த பாட்டுகளைத் தொகுத்து ஒரே ஆல்பமாகப் போடப் போகிறோமாம். பதினெட்டு வருஷக் குழுவுக்கு இது கல்யாணமா, காரியமா, தெரியவில்லை.

மற்ற பாட்டுகளுக்குப் பழைய பதிவே போதும். 'வராத பஸ்' மட்டும் நான் புதிதாகப் பாட வேண்டும். பழையது ஈசூனில் அவன் வீட்டுப் படுக்கையறையில் பதிவு செய்தது. உற்றுக் கேட்டால் அவன் அம்மா ரசம் தாளிக்கும் சத்தம்கூட வரும்.

போயும் போயும் அந்தப் பாட்டா! கடைசியில் "வா" என்று உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. முடியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. "ஓகே லா" என்று பதில் போட்டுவிட்டேன். எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 8, ஞாயிறு

கோவில் பாடகர் குழுவில் பின்வரிசைக்கு நகர்ந்துவிட்டேன். தவக்காலம், உச்சத்தில் பாடும் அல்லேலூயா கிடையாது. ஆண்டவருக்கு நன்றி. ஈஸ்டர் வரைக்கும் என் தொண்டை யாருக்கும் தெரியாது.

மத்தியானம் குளியலறையில் "வா" முயன்றேன். வெளியிலிருந்து ஆம்ப்ரோஸ், "என்ன ஷாரன், குக்கரா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். இருபது வருஷப் புருஷனுக்கு அது போதும்.

மார்ச் 11, புதன்

பிரபாகர் போனில் பேச்சோடு பேச்சாக, "சங்கீதான்னு ஒரு பொண்ணு, என்னமா பாடுது தெரியுமா" என்றான். இதை எதற்கு என்னிடம் சொல்கிறான்?

மார்ச் 14, சனி

வந்துவிட்டது! என் குரல் வந்துவிட்டது!

கேம்பல் லேன் ஸ்டூடியோவில் ஒத்திகை. பிரபாகர் கிட்டார், நிவேதிதா டிரம்ஸ், அவ்வளவுதான். பேஸ் கிட்டார் வாசிக்கும் அழகேசனுக்குக் கப்பல் பட்டறையில் ஓவர்டைம். கிட்டார் சத்தம் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. கேட்டதற்குப் பிரபாகர் "புதுக் கம்பி" என்றான். கண்ணை மூடிக்கொண்டு "வா" என்றேன். ஏறியது. நின்றது. நிவேதிதா குச்சிகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள்.

நேராகத் தேக்கா போய் மட்டன் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். நாற்பது நாளும் இறைச்சி வேண்டாம் என்று நேர்ந்துகொண்டது பாதிச் சோற்றில்தான் ஞாபகம் வந்தது. மீதியையும் சாப்பிட்டேன்.

மார்ச் 21, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

இன்று அழகேசன் வந்தான். 'வராத பஸ்' ஆரம்பித்ததும் இரண்டு கிட்டாரும் ஒன்றோடொன்று சண்டை போட்டன, காது கூசியது. நிவேதிதா நிறுத்தினாள். அழகேசன் தலையில் அடித்துக்கொண்டான். "சாரிண்ணே! இந்தப் பாட்டுக்கு ஒரு கட்டை இறக்கிக்கச் சொன்னீங்கல்ல, டியூட்டி முடிஞ்சு ஓடி வந்ததுல மறந்துட்டேன்."

பிரபாகர் தன் கிட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆக, புதுக் கம்பி இல்லை, சுருதியையே இறக்கியிருக்கிறார்கள். போன வாரம் நான் தொட்டது உச்சி இல்லை. எனக்கு எட்டாது என்று பிஸ்கட் டப்பாவைக் கீழ்த்தட்டில் இறக்கி வைத்திருக்கிறார்கள். நான் என்ன சின்னப் பிள்ளையா? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல, உன்னால முடியலன்னு? நான் குதிச்சப்போ ரெண்டு பேரும் என்ன நினைச்சிருப்பாங்க — ச்சே. பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

நிவேதிதா சொல்லாமல் கொள்ளாமல் தோ பாயோவில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"சொல்லியிருந்தா நீ எழுந்து போயிருப்ப. போயிருப்பியா மாட்டியா?"

"போயிருப்பேன்."

"அதான் சொல்லல. ஆபரேஷனுக்கு அப்புறம் நீ மேல போகாம நழுவுறது எங்களுக்குத் தெரியாதா? ஷாரன் அக்கா பாடலன்னா ஆல்பமே வேணாம்னு சொன்னது யாரு தெரியுமா? அழகேசன். சொன்னவனே மறந்தும் தொலைச்சான்."

"அப்போ சங்கீதா?"

"அது வெளியீட்டன்னைக்கு நமக்கு முன்னாடி பாடப்போற பாலிடெக்னிக் குரூப்போட பாட்டுக்காரி லா! அதைப் போய்..."

சிரித்தேன். பிறகு அழுதேன். துக்கம் இல்லை. ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு அலைந்ததை இறக்கி வைத்துவிட்டேன். தெரிந்துவிட்டது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அப்பாடா! ஆம்ப்ரோஸ் மூன்று பேருக்கும் மைலோ கலக்கிக் கொண்டுவந்தார்.

மார்ச் 28, சனி

பதிவு. தொடங்கும் முன் நானே கேட்டேன்.

"பிரபா, இன்னும் அரைக் கட்டை இறக்கு."

"கம்பி தொங்கும் ஷாரன்."

"தொங்கட்டும்."

பயமில்லாமல் பாடினால் எவ்வளவு நன்றாக இருக்கிறது! "வா" இப்போது கூப்பாடு இல்லை. பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போல வந்தது. இரண்டாம் தடவையே போதும் என்றான் பிரபாகர். அழகேசன் மட்டும் தன் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தான், பாவம்.

ஏப்ரல் 25, சனி

ஆல்பம் வெளியீடு. டோபி காட் பக்கத்தில் சின்ன அரங்கம். நாங்கள் மேடை ஏறுமுன் ஆல்பத்தை ஒலிபெருக்கியில் ஓட விட்டிருந்தார்கள். முதல் பாட்டு, என் பழைய குரல். மேடைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"கஷ்டமா இருக்கா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

இருக்கும் என்றுதான் நானும் பயந்திருந்தேன். இல்லை. யாரோ ஒரு பொண்ணு. இருபத்தைந்து வயசு இருக்கும். என்ன அவசரமோ, தொண்டை கிழியக் கத்துகிறாள்.

"நல்லாத்தான் பாடுறா" என்றேன்.

பாட்டு முடியும்வரை இருந்து கேட்டேன். அப்புறம் எங்களைக் கூப்பிட்டார்கள். போய்ப் பாடினேன்.