வீட்டாருக்குத்தான் முதலில் தெரியும்

மாம்புரி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி றிப்னாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ ஃபோனை எடுப்பதில்லை. எடுத்தாலும் ஓம், ஓம் என்றுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கட்டாருக்குத் திரும்பும் நெய்னார் காக்காவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்க வாசிக்காமல் மடித்து வைத்தாயோ, அங்கே வந்து அடிப்பேன்.

உம்மா சுகம். மழை பிந்தியதால் வெங்காயம் இன்னும் நடவில்லை.

உன் மச்சான் இப்போது கடலுக்குப் போகிறார். உண்மையாகத்தான். ஒரு வருடமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர். கண்ணூறு என்று நினைத்துத் தண்ணீர் ஓதிக் கொடுத்துப் பார்த்தோம். பிறகுதான் புத்தளத்தில் ஒரு பெண் டொக்டரிடம் போனோம். மனச்சோர்வு நோய் என்றார். முதல் மருந்து பிடிக்கவில்லை, ஒரு குணமும் தெரியவில்லை. எந்த மருந்து யாருக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வெளிநாடுகளில் கம்ப்யூட்டரை வைத்து ஆராய்கிறார்களாம். அது இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லையாம். மருந்தை மாற்றிய டொக்டர் எனக்கும் ஒரு வேலை தந்தார். இரண்டு கிழமைக்குள் சின்ன மாற்றம் ஏதும் தெரிந்தால் பெரும்பாலும் இந்த மருந்து கைகொடுக்கும், அது நோயாளிக்குத் தெரியாது, வீட்டாருக்குத்தான் முதலில் தெரியும், பார்த்துக்கொண்டிருங்கள் என்றார்.

சிரிப்பாரா, பள்ளிக்குத் தொழப் போவாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு பகல், சோற்றில் கையை வைத்தவர், இது ஐஸில வெச்ச பழைய மீன்தானே, ஆரு இத ஒனக்கு வித்த என்று ஏசினார். எதைப் போட்டாலும் ருசி பார்க்காமல் தின்றுகொண்டிருந்தவர். நான் குசினிக்குள் ஓடிப்போய் அடுப்படியில் நின்று அழுதேன். அவரிடம் கேட்டால் தனக்கு ஒரு மாற்றமும் இல்லை என்றார். மீனுக்கு ஏசியதை டொக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, இதைத்தான் பார்க்கச் சொன்னேன் என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பினார், முடி வெட்டினார், வள்ளத்தைத் தள்ளினார்.

நினைக்க நினைக்க மேல் சிலிர்க்கிறது தம்பி. மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. ஆனாலும் ஒரு மனம் தேறப்போவதை, அந்த மனதுக்கே தெரியும் முன் அறிந்துகொள்ளும் வழியை மனிதருக்குக் காட்டியிருக்கிறான். ஸுப்ஹானல்லாஹ்.

போன கிழமை ஃபோனில், என்ன சாப்பிட்டாய் என்று உம்மா உன்னிடம் கேட்டார். என்னத்தையோ திண்ட என்றாய். அது மச்சானின் பழைய குரல். இந்த நோய் வருவதும் அப்படித்தான், வந்தவருக்குத் தெரிவதில்லை. அங்கே நீ தங்கியிருக்கும் அறையில் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க யார் இருக்கிறார்கள்?

லீவு கேட்டு வா. டொக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன். எந்த மருந்து பிடிக்குமோ தெரியாது. பிடிக்கும் வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ வந்து சேரும் வரை அல்லாஹ் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் ராத்தா,
றைஸா