அணை என்றொரு தகடு

என் உயிரில் பாதியாய் இருந்து, மீதியை மட்டும் விட்டுச் சென்ற காதரே,

ஒலிவாங்கி இல்லாமல் எனக்குப் பேச வராது என்று நீ ஏளனம் செய்வாய். உன் அடக்கத்திடலில் நின்று வாயெடுத்துப் பார்த்தேன், உண்மைதான், வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். ஊரார் படித்தால் படிக்கட்டும். நம் இருவருக்கும் நடுவே ஊர் இல்லாத நாள் எது?

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வண்டி செத்துக்கொண்டிருக்கிறது.

ஊர் ஊராய் மேடையேறி முழங்கிவிட்டு, பேருந்து நிலையத்து இருக்கைகளில் சுருண்டு கிடந்தவன் நான். திருவொற்றியூரில் வண்டிகளைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்த நீ, அதைக் காணப் பொறாமல் ஒரு பழைய சரக்கு வண்டியை வீடாக்கினாய். கட்டில் வைத்தாய், அடுப்பு வைத்தாய், நீர்த்தொட்டி பொருத்தினாய், மின்சாரத்துக்குக் கூரையில் கதிரவத் தகடு ஏற்றினாய். நான் அதற்கு ‘வீட்டூர்தி’ என்று பெயரிட்டேன். "இன்னா மாமு, பேரு வாயில நொழய மாட்டுது. ஓடுற வூடுன்னு சொல்லேன், அதுவும் தமிழுதானே" என்றாய். நீ சொன்னதுதான் நிலைத்தது.

நீ போன பின்னும் உன் கட்டளைகளில் ஒன்றையும் நான் மீறவில்லை. கரித்தூள் படியும் கதிரவத் தகட்டை ஈரத்துணியால் மட்டுமே துடைத்தேன்; உலர்ந்த துணி கீறிவிடும் என்றாயே. மின்கலத்தின் முனைகளில் மசகு தடவினேன். தொட்டியில் பழைய நீரைத் தேங்கவிடவில்லை. எரிவாயு உருளையை மூடாமல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தவில்லை. "நிக்கிற வண்டிதான் மாமு சீக்கிரம் சாவும், ஓடுற வண்டிக்கு ஒண்ணும் ஆவாது" என்பாய். அதற்காகவே வாரந்தோறும் எண்ணூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். திரும்பியதும், கடற்காற்றின் உப்பு தங்காதிருக்க, வண்டிக்கு அடியில் படுத்து நீர் பீய்ச்சிக் கழுவினேன். பட்டிமன்ற நடுவராய் மாலை சூடிய கழுத்தில் சேறு வழிய வழியக் கழுவினேன்.

பிறகும் துரு தின்றுவிட்டது காதரே. எல்லாம் செய்தும் தின்றுவிட்டது.

தகுதிச் சான்று புதுப்பிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாமென்று எர்ணாவூருக்குக் கொண்டுபோனேன். உன் பழைய கூட்டாளி, வெல்டிங் முனுசாமி, சுத்தியலோடு அடியில் நுழைந்தார். இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டில் சுத்தியல் அடிச்சட்டத்துக்குள்ளேயே போய்விட்டது.

"தலீவரே, மேல வூடு ஜோரா கீது. கீய சட்டம் அப்பளம். எத ஊத்தி கழுவினீங்க?"

"வீட்டு ஆழ்குழாய் நீரில்தான்."

அவர் வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அழுகையைவிடக் கொடிய சிரிப்பு. "அதுவே கடல் தண்ணி மாதிரி கரிக்குதே தலீவரே! உப்ப உப்பு போட்டு கழுவிக்கீறீங்க. எங்க நைனாவும் அப்டித்தான் கழுவினாரு, நானும் அப்டித்தான் கழுவறேன். நல்ல தண்ணிக்கு எங்க போறது?"

எங்கே போவது? குடிநீர் லாரி வந்து நின்றால் குடத்தோடு குடம் மோதும் தெருவில், வண்டியின் அடியைக் கழுவ நல்ல நீர் வேண்டுமென்று கேட்க எந்த வாய்க்குத் துணிவு வரும்? அறைகூவி அறைகூவிப் பழகிய என் வாய்க்கே வரவில்லை. நிலத்தடி நீரும் உப்பு, வீசும் காற்றும் உப்பு. இந்தக் கரையில் இரும்புக்கும் நுரையீரலுக்கும் ஒரே விதிதான் போலும். நீ இருமி இருமி ஓய்ந்ததை நினைத்துக்கொண்டு அந்தச் சுத்தியல் ஓட்டையையே பார்த்தபடி நின்றேன்.

உன் துணைவி பல்கீசிடம் சொன்னேன். கலங்கவில்லை அவள். "குடுத்துடலாம் அண்ணே. அது வாசல்ல நிக்கிறத பாத்தாலே மனசு பேஜாராவுது. உள்ள அவரு போர்வ மட்டும் கீது, எடுத்துக்கினு வந்துர்றேன்" என்று வண்டிக்குள் ஏறினாள். பழைய இரும்புக்காரர் மறுநாள் வருவதாக இருந்தது.

நெடுநேரம் இறங்கவில்லை. இறங்கியபோது போர்வையை மார்போடு சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"இரும்புக்காரன வர வேணாம்னு சொல்லுங்க அண்ணே."

"என்னம்மா ஆயிற்று?"

"உங்க தோஸ்து எனக்கு ஒரு வார்த்த எழுதி வெச்சிட்டு போய்க்கீறாரு. இத்தினி வருசத்துல வாயத் தொறந்து சொல்லாத மன்சன். தலமாட்ல எழுதிக்கீறாரு, அணைன்னு."

‘அணை’ என்று தகட்டில் எழுதியவன் நானல்லவா?

உனக்கு நினைவிருக்கும். கதவோரம், வண்டியின் மின்சாரத்தை மொத்தமாய் நிறுத்தும் விசைக்கு நீ ஆங்கிலத்தில் எழுதப் போனாய். நான் தடுத்து, ஒரு தகரத் துண்டில் சிவப்பு மையால் ‘அணை’ என்று எழுதித் திருகாணியால் பொருத்தினேன்.

"அணைன்னா இன்னா மாமு, நிறுத்தறதா, கட்டிக்கிறதா?" என்றாய். விளக்கையும் அணைப்போம், குழந்தையையும் அணைப்போம், ஆற்றை மறிப்பதும் அணைதான் என்று நான் நடுத்தெருவில் சொற்பொழிவே ஆற்றினேன். "ஒரு சொல்லு மூணு வேல செய்யுதா? அப்ப அதுக்கு மூணு ஆளு சோறு போடணுமே" என்றாய். அதன்பின் விசையைத் திருப்பும்போதெல்லாம் வந்து என்னைக் கட்டிப்பிடிப்பாய், பெருநாள் தொழுகை முடித்து வந்தவனைப் போல, இடமும் வலமும். "எழுதிக்கீதே மாமு, நான் இன்னா பண்றது!"

ஆகவே, "தங்காய், அது விசையின் பெயர், எழுதியது நான்" என்று சொல்ல என் நா எழுந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் சொற்பிழையைத் திருத்திய நா. அவள் முகத்தைப் பார்த்தேன், நா மடிந்தது. எதற்கும் பார்ப்போமென்று வண்டிக்குள் ஏறினேன்.

இத்தனை நாளும் இருட்டில் கைப்பழக்கத்திலேயே திருப்பிவந்த விசை கதவோரம் இருந்தது. அதன்மேல் தகடு இல்லை. இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

தகடு கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. துருப்பிடிக்காத புதுத் திருகாணிகளோடு, நேராக, அழுத்தமாக. அங்கே விசை ஏதும் இல்லை. நீ போன பின் அந்தக் கட்டிலில் நான் ஒருநாளும் படுத்ததில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, தோழா. மருத்துவமனைக்குப் போகும் முன், மூச்சு வாங்க வாங்க நீ கட்டிலை அகலப்படுத்தினாய். என் முதுகுவலிக்காக என்று நன்றி சொன்னேன், நீயும் மறுக்கவில்லை. கடற்பக்கச் சன்னலைப் பெரிதாக்கினாய். திரைச்சீலை மாட்டினாய். எந்தப் பேச்சாளனுக்கு ஐயா பூப்போட்ட திரைச்சீலை? கப்பலும் புகைபோக்கியும் இல்லாத கடலின் முன் ஒருநாளாவது கண்விழிக்க வேண்டுமென்று இராயபுரத்தில் பிறந்த பல்கீசு உன்னிடம் கேட்டாளாமே. தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போகிறேன் என்றாயாமே. இப்போதுதான் சொன்னாள். என் மேடைகளுக்கெல்லாம் ஓட்டினாய். அவளுக்கென்று அந்த வண்டி ஒரு நாளும் ஓடவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை காதர்? ஒரு கூட்டத்தை விட்டால் தமிழ் செத்தா போயிருக்கும்?

சொல்லின் பொருளைப் பிழையாய் அறிந்தவள் அவள் அல்லள்; அறிந்தவன் நான்.

இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேலே உள்ள வீட்டை அப்படியே தூக்கி வேறொரு வண்டியின் சட்டத்தில் உட்கார வைக்கலாம் என்கிறார் முனுசாமி. "ஆனா அந்த அளவு சட்டம் எங்க கெடைக்கும் தலீவரே?" என்றும் அவரே கேட்கிறார். மாதவரம் வரை தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. கிடைக்குமென்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வண்டி உன் வாசலில்தான் நிற்கிறது. நிற்கிற வண்டி சீக்கிரம் சாகும் என்று சொன்னவன் நீ. ஒவ்வொரு காலையும் அடியில் குனிந்து பார்க்கிறேன். தரையில் புதிதாய்ச் செந்தூள் உதிர்ந்திருக்கிறது. கூட்டங்களுக்கு அழைக்கிறார்கள், போகவில்லை. எதை நம்பி எவரை எழுச்சி கொள்ளச் சொல்வது?

ஆயினும் ஒன்று உரைக்கிறேன். கைதட்டலுக்காக அன்று. பல்கீசு அந்தக் கடலைக் காண்பாள். சட்டம் கிடைத்தால் நீ செய்த வீட்டில், பூத்திரைச்சீலை விலக்கிக் காண்பாள்; நான் முன்னிருக்கையில், வாய்பேசாமல் வண்டியோட்டுவேன். கிடைக்காவிட்டால் பேருந்தில் போவோம், தலைமாட்டுத் தகடு அவள் மடியில் இருக்கும். அதை எந்தச் சுத்தியலும் தொட விடமாட்டேன்.

கதவோர விசை இப்போது பெயரில்லாமல் இருக்கிறது. புதிதாய் எழுதித் தரட்டுமா என்று முனுசாமி கேட்டார். வேண்டாம் என்றேன். இருட்டில் தடவித்தான் நிறுத்துகிறேன். நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நிற்கிறேன் காதரே, பழக்கத்தில், இடப்பக்கத் தோளைக் கொஞ்சம் முன்னே நீட்டியபடி.

உலகில் உன் ஒருவன் வாய்க்கு மட்டும் ‘மாமு’வாக இருந்த,
உடன்பிறவா அண்ணன்
இளவழகன்